பென்சகோலாவின் மரச்சரக்குக் கப்பல்கள், நார்வே மாலுமிகள்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையோரம் கடலடியில் கிடக்கும் ‘லோஃப்டூஸ்’ என்ற நார்வே பாய்க்கப்பலைப் பற்றியும், அது மரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட, அதே ஃப்ளோரிடாவின் பென்சகோலா துறைமுகத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: தூத்துக்குடியில் மரத்தடிக் கப்பல்களைப் பார்வையிடும் சரக்கு சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் பென்சகோலாவில் இருப்பதால் வருஷத்தில் பாதி நாள் அங்கேதான்.

நார்வே நாடே காடும் மலையும்தானே? அவர்கள் ஏன் மரம் ஏற்ற அமெரிக்கா வரை போக வேண்டும்? (காரைக்குடி வாசகர்)

அந்த மரம் நார்வேக்குப் போகவில்லை ஐயா. கப்பல் மட்டும்தான் நார்வேக்காரருடையது. மரம் அமெரிக்கக் காட்டில் வெட்டியது, வாங்குகிறவர் அர்ஜென்டினாவிலோ இங்கிலாந்திலோ இருப்பார். ஒருவர் சரக்கை இன்னொருவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கூலி வாங்குவதுதான் நார்வேக்காரர் பிழைப்பு.

1849இல் பிரிட்டன் தன் பழைய கப்பல் சட்டங்களை எடுத்துவிட்டது. அதுவரை அந்நியக் கப்பல்களுக்கு இருந்த தடை நீங்கியதும் நார்வேக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 1880 வாக்கில் அந்த நாட்டின் ஜனத்தொகை 20 லட்சம்கூட இல்லை. ஆனால் அவர்களுடைய வணிகக் கப்பல் கூட்டம் உலகத்திலேயே மூன்றாவது பெரியது. அரேண்டால், கிரிம்ஸ்டாட், லில்லேசாண்ட் என்று தெற்குக் கரையில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்கள்தான் இதற்கு மூலம். கப்பலைப் பங்கு பங்காகப் பிரித்து வாங்குவார்கள். கடைக்காரர், பாதிரியார், விவசாயி, கப்பலின் கேப்டன் எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1850 முதல் ஏறக்குறைய இருபது வருஷம் நார்வேயிலிருந்து அமெரிக்கா போன குடியேறிகளில் பெரும்பாலோர் கனடாவின் கியூபெக்கில்தான் இறங்கினார்கள். அதற்குக் காரணமும் மரம்தான். போகும்போது கப்பலில் ஜனங்கள், திரும்பும்போது அதே கிடங்கில் பிரிட்டனுக்கு மரம். வெறும் கல்லை அடிப்பாரமாகப் போட்டுக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டுவதைவிட, டிக்கெட் வாங்கிய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனால் காசு. அந்தக் காலத்துக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வறுமை, மதம், நிலம் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் டிக்கெட் விலை குறைந்ததில் மரக்கட்டைக்கும் பங்கு உண்டு என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

அப்புறம் நீராவிக் கப்பல் வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பாய்க்கப்பல்களை மலிவாகத் தள்ளிவிட, அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் நார்வேக்காரர்கள்தான். வயசான மரக்கப்பல் என்றால் ஒழுகும். ஒழுகுகிற கப்பலில் கோதுமையையோ பருத்தியையோ ஏற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள், இன்ஷூரன்ஸும் கிடைக்காது. மரம் நனைந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அதனால் பழைய கப்பல்கள் எல்லாம் மர வியாபாரத்தில் வந்து சேர்ந்தன.

பாய்மரங்களுக்கு நடுவே ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தால் அது நார்வே கப்பல் என்று அந்தக் காலத்து மாலுமிகள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். அடிக்கிடங்கில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பை அந்தக் காற்றாடி ஓட்டும். காற்று நின்றால் ஆட்கள் முறை வைத்துக் கையால் இறைக்க வேண்டும்.

‘லோஃப்டூஸ்’ முதலில் ‘காஷ்மீர்’ என்ற பெயரில் ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவுக்கு வந்த கப்பலா? (திண்டுக்கல் வாசகி)

அது கிழக்கிந்திய வியாபாரத்துக்காகவே கட்டிய கப்பல் அம்மா. 1868இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் கட்டினார்கள். இரும்பு உடல், மூன்று பாய்மரம், சுமார் 223 அடி நீளம். சுமத்ரா, ஜாவா பக்கத்துக் கடற்கொள்ளையர் கிட்டே வராமலிருக்க, கப்பலின் இரண்டு பக்கமும் பீரங்கித் துளைகள் இருப்பதுபோல வரிசையாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். துளையும் கிடையாது, பீரங்கியும் கிடையாது. தூரத்தில் பார்த்தால் போர்க்கப்பல் மாதிரி தெரியும்.

1897இல் அது நார்வே கைக்குப் போய்ப் பெயர் மாறியது. அடுத்த வருஷமே, 1898 பிப்ரவரி 4 அன்று, பென்சகோலாவிலிருந்து புவனோஸ் ஐரஸுக்கு மரம் ஏற்றிப் போகும்போது ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில், இன்றைய பாய்ன்டன் பீச் பக்கத்தில், தரை தட்டியது. ஆட்கள் அத்தனை பேரும் உயிரோடு கரையேறினார்கள். கப்பலை மட்டும் மீட்க முடியவில்லை. உள்ளே 8 லட்சம் அடி பலகை. அந்த வருஷம் செப்டம்பரில் வெடி வைத்துக் கப்பலைப் பிளந்து மரத்தை வெளியே எடுத்தார்கள். இன்று அங்கே 15, 20 அடி ஆழத்தில் கிடக்கிற இரும்பெல்லாம் அந்த வெடிக்குப் பிறகு மிஞ்சியது. 2004இல் ஃப்ளோரிடா அரசு அதைக் கடலடித் தொல்லியல் காப்பிடமாக அறிவித்தது. கரையிலிருந்து நீந்தியே போகலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே மிதந்தால் போதும், கீழே இருப்பது தெரியும்.

மரம் மிதக்கும். மரம் ஏற்றிய கப்பல் எப்படி மூழ்கும்? என் பையன் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. (ஓசூர் வாசகர்)

பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். மரம் ஏற்றிய மரக்கப்பல் பல நேரம் மூழ்காது. கிடங்கு முழுக்கத் தண்ணீர் நிறைந்து, மேல்தளம் அலைக்குச் சமமாக வந்து, அப்படியே மிதந்துகொண்டிருக்கும். ஆட்கள் அதை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். யாரும் இல்லாத கப்பல், விளக்கு இல்லை, சுக்கான் பிடிக்க ஆள் இல்லை. ராத்திரியில் வேறொரு கப்பல் அதில் மோதினால் அதோடு அதன் கதையும் முடிந்தது. 1880, 90களில் அட்லாண்டிக்கில் இது பெரிய தலைவலி. அமெரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகம் மாதா மாதம் வரைபடம் போட்டு, ஆளில்லாக் கப்பல் எது, கடைசியாக எங்கே பார்த்தது என்று குறித்துக் கொடுத்தது. ‘ஃபேனி உல்ஸ்டன்’ என்ற அமெரிக்கப் பாய்க்கப்பல் 1891இல் கைவிடப்பட்டது. உள்ளே மரம். இரண்டு வருஷத்துக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான மைல், அட்லாண்டிக்கைச் சுற்றியது. வழியில் பார்த்த கப்பல்காரர்கள் குறிப்பு எழுதிக் கொடுத்ததால் அது போன பாதை நமக்குத் தெரிகிறது.

மேல்தளத்தில் அடுக்கும் மரம் வேறு விதமான ஆபத்து. கிடங்கு நிறைந்த பிறகு தளத்தின் மேலும் ஆள் உயரத்துக்கு அடுக்கிச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். மழையிலும் அலையிலும் அந்த மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். பாரம் மேலே ஏற ஏறக் கப்பல் சாயும், சாய்ந்தது நிமிராது. தூத்துக்குடியில் நான் ஏணி வழியாக ஏறியதும் முதலில் பார்ப்பது தளச் சரக்கின் கட்டைத்தான். சங்கிலி தளர்ந்திருந்தால் அந்தக் கப்பல் வழியில் பட்ட பாடு தெரிந்துவிடும்.

இரும்புக் கப்பலுக்கு மரம் ஏற்றியதால் கிடைக்கும் மிதப்பு அவ்வளவாக உதவாது. 1942இல் ஃப்ளோரிடாவில் போர்ட் செயின்ட் ஜோ துறைமுகத்திலிருந்து கியூபாவுக்கு மரம் ஏற்றிப் புறப்பட்ட ‘வாமர்’ கரையைத் தாண்டியதும் மூழ்கிவிட்டது. அதே கப்பல்தான் அதற்கு முன்பு வேறு பெயரில் அமெரிக்க அதிகாரி பேர்டின் அண்டார்டிகா பயணத்துக்குச் சாமான் கொண்டுபோனது.

அங்கே தங்கிவிட்ட நார்வேக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கப்பலைப் பற்றி நிறைய எழுதினீர்கள், மனிதர்களைப் பற்றி எழுதவில்லையே! (திருநெல்வேலி வாசகி)

எனக்கும் அவர்களைப் பற்றித்தான் பேச ஆசை அம்மா. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஊர். பென்சகோலா வளைகுடாவைச் சுற்றி அப்போது நீண்ட ஊசியிலைப் பைன் காடு. அமெரிக்காவின் தெற்கு முழுக்க இந்தக் காடு ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் இருந்தது. இன்று அதில் மிகச் சிறு பங்குதான் மிச்சம். அந்த வைரம் பாய்ந்த பைன் பழைய வீடுகளில் இன்னும் தரைப்பலகையாக இருக்கிறது. என் மகள் வீட்டில் ஒரு பலகையை மாற்றத் தச்சர் வந்தார். ரம்பம் பட்டதும் நேற்று வெட்டிய மரம் போலப் பிசின் வாசனை வீடு முழுக்க ஏறியது. நூறு வருஷத்துக்கு மேலான பலகை அது. மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம், ஆணி இறங்க மறுக்கும் கெட்டி.

எஸ்காம்பியா, பிளாக்வாட்டர் ஆறுகளில் மரத்தைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு வளைகுடாவுக்குக் கொண்டுவருவார்கள். கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். பெரிய உத்திரங்களை மேலே தூக்கி உள்ளே இறக்க முடியாது என்பதால் கப்பலின் முகப்பில் ஒரு சதுர வாசல் வெட்டியிருக்கும். அதன் வழியாக உத்திரத்தை நேராகக் கிடங்குக்குள் இழுப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கதவை மூடி, இடுக்கில் சணல் திணித்துக் கலப்பத்து அடித்துத் தார் பூசிவிடுவார்கள். பாரம் ஏறிய பிறகு அந்த வாசல் தண்ணீருக்குள் போய்விடும். அந்த இடுக்கில் அடித்த சணலை நம்பித்தான் அத்தனை பேர் உயிரும்.

ஏற்றுவது மாலுமிகள் வேலை இல்லை. உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளிகளும், குளிர்காலத்தில் கியூபெக்கில் ஆறு உறைந்து வேலை நின்றதும் தெற்கே வரும் கனடாக்காரர்களும் ஏற்றுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் வேலைக்காக அடிதடியே நடந்திருக்கிறது. ஏற்றி முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நார்வே மாலுமி தளத்தைச் சுரண்டுவான், பெயின்ட் அடிப்பான், தண்ணீர் இறைப்பான், கொசுக்கடி வாங்குவான். மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது, 1882இலும் மோசமாக. குளிர் நாட்டிலிருந்து வந்த இருபது வயசுப் பையனுக்கு அந்த நோய்க்கு எந்த எதிர்ப்பும் கிடையாது.

ராத்திரி நேரத்தில் படகில் வருகிறவர்தான் தங்கும்விடுதிக்காரர். “அமெரிக்கக் கப்பலில் சம்பளம் எவ்வளவு தெரியுமா?” என்று பேச்சைத் தொடங்குவார். அவர் சொல்வதில் உண்மையும் இருந்தது. அமெரிக்கக் கப்பல்களில் சம்பளம் நிஜமாகவே அதிகம். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். அதோடு, வேலை செய்த மாதங்களுக்கு வர வேண்டிய சம்பளம் போச்சு. விடுதிக்காரர் சாப்பாடு, படுக்கை, சாராயம் எல்லாவற்றையும் கணக்கில் எழுதி, அந்தக் கடனுக்கு ஈடாக அவனை வேறொரு கப்பலில் ஏற்றிவிட்டு, முன்பணச் சம்பளத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வார். ஓடிப்போன மாலுமியைப் போலீஸ் பிடித்துக் கப்பலில் ஒப்படைக்கவும் சட்டம் இருந்தது.

இதை மாற்றியவரும் ஒரு நார்வேக்காரர்தான். பெயர் ஆண்ட்ரூ ஃபுருசேத், 1854இல் ஹெட்மார்க் பகுதியின் ரொமெடாலில் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே கலிபோர்னியா வந்து சேர்ந்தவர். அந்தக் கரையில் மரம் ஏற்றிய சின்னப் பாய்க்கப்பல்களில் ஸ்காண்டிநேவியர் அவ்வளவு பேர் இருந்ததால் ‘ஸ்காண்டிநேவியக் கடற்படை’ என்றே அவற்றைச் சொல்வார்கள். ஃபுருசேத் மாலுமிகள் சங்கத்தை நடத்தி, வருஷக்கணக்கில் வாஷிங்டனில் நடையாய் நடந்து, 1915இல் மாலுமிகள் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார். கப்பலை விட்டு இறங்கியதற்காக ஒரு மாலுமியைச் சிறையில் போடும் வழக்கம் அதோடு நின்றது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. மரம் ஏற்றிய கப்பல்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

பென்சகோலாவில் இறங்கியவனுக்கு விடுதிக்காரரைத் தவிர இன்னொரு வாசலும் இருந்தது, அது நார்வே மாலுமிகள் திருச்சபை. 1864இல் நார்வேயின் பெர்கனில் தொடங்கிய அமைப்பு, நார்வே கப்பல் போகும் துறைமுகங்களில் எல்லாம் பாதிரியார்களை வைத்தது. அங்கே ஊர்ச் செய்தித்தாள் இருக்கும், அம்மாவுக்குக் கடிதம் எழுத மேஜை இருக்கும், சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கும். காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்கப் பாதிரியார் போவார். அவன் செத்தால் அவன் மொழியிலேயே ஜபம் சொல்லிப் புதைத்துவிட்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்தான்.

தங்கிவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் செந்நிற ஸ்னாப்பர் மீன் பிடிக்கும் பாய்ப்படகுகளில் சேர்ந்தார்கள். அப்போது பென்சகோலாவின் மீன் ஐஸில் போட்டு ரயிலில் வடக்கே போனது. சிலர் இழுவைப்படகு, சிலர் தச்சு வேலை, சிலர் பாய் தைக்கும் வேலை. சில வருஷம் இருந்துவிட்டு நியூயார்க்கின் புரூக்ளினில் பெரிதாக வளர்ந்த நார்வே குடியிருப்புக்குப் போனவர்களும் உண்டு. 1906 செப்டம்பர் 27 புயல் பென்சகோலாவை அடித்துப்போட்டபோது கரையில் தூக்கி எறியப்பட்ட கப்பல்களில் பல நார்வே பாய்க்கப்பல்கள். காடும் தீர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நார்வேக் கொடி அங்கே மெல்ல மெல்லக் குறைந்தது.

பெண்களே இல்லாத உலகமா அது? (சேலம் வாசகி)

இல்லை. கேப்டன் மனைவி கப்பலிலேயே கூட வருவது நார்வே கப்பல்களில் சகஜம். குழந்தைகளும் வந்தன. ஆனால் பெரும்பாலான பெண்கள் ஊரில் இருந்தார்கள். வருஷக்கணக்கில் ஆண்கள் இல்லாத அந்தத் தென்கரை ஊர்களில் நிலம், ஆடு மாடு, கடன், கப்பல் பங்குக் கணக்கு எல்லாம் அவர்கள் கையில்தான். நம் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூழ்கிய கப்பலில் தங்கம் கிடைக்குமா? நீங்கள் ஏதாவது எடுத்து வந்தீர்களா? (கரூர் வாசகர்)

மரம் ஏற்றிய கப்பலில் தங்கம் இருக்காது. எதுவும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. 1988இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி மாநிலக் கடல் எல்லைக்குள் புதைந்து கிடக்கும் கைவிடப்பட்ட கப்பல்கள் அந்த மாநிலத்துக்குச் சொந்தம். சட்டத்தை விடுங்கள். ஒரு ஆணி எந்தப் பலகையில், எந்த இடத்தில் இருந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பிடுங்கி வீட்டு அலமாரியில் வைத்தால் அது வெறும் துரு. புதையல் வேட்டைக்காரர்களைப் பெரிய வீரர்கள் போலப் பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பெயர்ப்பலகை இல்லாத கப்பலை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? (கோயம்புத்தூர், பொறியியல் மாணவர்)

பென்சகோலாவுக்கு வெளியே சான்டா ரோசா தீவின் கரையோரம், தேசியப் பூங்கா எல்லைக்குள், ‘கேத்தரின்’ என்ற நார்வே பாய்க்கப்பல் கிடக்கிறது. 1894இல் மூழ்கியது. வளைகுடாவுக்கு உள்ளேயும் ஆறுகளிலும் இன்னும் பல கிடக்கின்றன. வெஸ்ட் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மாணவர்கள் கோடைக்காலத்தில் இங்கெல்லாம் முங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

கப்பலின் நீளத்துக்கு ஒரு அளவுநாடாவை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதுதான் அடிக்கோடு. அதிலிருந்து ஒவ்வொரு வங்குக்கும் (கப்பலின் விலாச் சட்டம்), ஒவ்வொரு போல்ட்டுக்கும் தூரம் அளந்து, பிளாஸ்டிக் தாளில் சாதாரணப் பென்சிலால் குறிப்பார்கள். பென்சில் தண்ணீருக்குள்ளும் எழுதும். அலை ஆட்டும், கை தானாக விலகும், முகத்துக்கு எதிரே மீன் வரும். ஒரு வங்கின் அகலம், அடுத்த வங்குக்கு இடைவெளி, பலகையின் கனம், இதை மட்டுமே ஒரு பெண் நாள் முழுக்க அளந்துகொண்டிருந்ததை மேலே படகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அவள் தாளைக் காட்டினாள், கோணல்மாணல் எழுத்தில் முழுக்க எண்கள். இப்போது நூற்றுக்கணக்கான போட்டோக்களைச் சேர்த்துக் கணினியில் முப்பரிமாண உருவமும் செய்கிறார்கள். இருந்தாலும் கையால் வரைவதை விடவில்லை. வரைந்தால்தான் கண் ஒவ்வொன்றிலும் நிற்கும்.

அடுத்தது மரம். சின்னச் சில்லு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஓக்கா, பைனா, லார்ச்சா என்று தெரிந்துவிடும். லார்ச்சும் ஸ்ப்ரூஸும் நிறைய இருந்தால் கிழக்குக் கனடாவில் கட்டிய கப்பலாக இருக்கலாம். கப்பலின் அடியில் புழு துளைக்காமலிருக்க அடித்த தகடும் பேசும். செம்பு 60, துத்தநாகம் 40 பங்கு கலந்த மஞ்சள் உலோகத் தகடு 1832க்குப் பிறகுதான் வந்தது. ஆக, அந்தத் தகடு இருந்தால் கப்பல் அதற்குப் பிந்தியது. அடிப்பாரக் கல்லும் சாட்சி. மரம் ஏற்ற வந்த கப்பல் காலியாக வரும்போது கல் போட்டுக்கொண்டு வரும். பென்சகோலாவில் மண்ணே மணல்தான், அங்கே கருங்கல்லுக்கு வேலையே இல்லை. ஆனாலும் பழைய கரையோரத்தில் சிவப்பு, சாம்பல், நீலம் என்று விதவிதமான கல் கிடக்கிறது. கப்பல்கள் கொட்டிய கல்லைப் போட்டுக் கரையையே நீட்டியிருக்கிறார்கள். நிலவியல்காரர்கள் கல்லைப் பார்த்து அது எந்த நாட்டுக் கல் என்று சொல்லப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஆவணத்துக்குப் போவார்கள். கப்பல்களின் விவரங்களைத் தொகுத்த லாயிட்ஸ் பதிவேடும், அந்தக் காலத்துக் கப்பல் சர்வேயர்கள் எழுதிய அறிக்கைகளும் இருக்கின்றன. ஏராவில் (கப்பலின் அடிமரம்) எந்த மரம், போல்ட் எந்த உலோகம், வங்கு எத்தனை அங்குலம் என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். கடலடியில் அளந்த எண்ணும் அந்த அறிக்கையின் எண்ணும் பொருந்தினால் பெயர் கிடைத்துவிடும். என் தொழிலைச் செய்த ஒருவர், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலின் அடியில் ஊர்ந்துபோய் ஒழுங்காக அளந்து எழுதியதால், இன்று ஒரு பெயரில்லாக் கப்பலுக்குப் பெயர் வருகிறது. இளம் சர்வேயர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

மேலே கொண்டுவந்த பொருளை அப்படியே காயவிட்டால் போயிற்று. மரம் சுருங்கி வெடிக்கும், இரும்பு உதிரும். மாதக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுக்க வேண்டும். மரத்துக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்ற வேண்டும். ஸ்வீடனில் கடலடியிலிருந்து மீட்ட ‘வாசா’ கப்பலுக்கு அதை 17 வருஷம் தெளித்தார்கள். பெரும்பாலான கப்பலை இருக்கும் இடத்திலேயே மணல் மூடி விட்டுவிடுவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

குளிர்ந்த ஏரிகளில் கப்பல்கள் முழுசாக இருக்குமாமே? (சென்னை வாசகர்)

ஆமாம். மரம் துளைக்கும் கடல்புழு நன்னீரில் வாழாது. மிச்சிகன் ஏரியில் 1912 நவம்பரில் மூழ்கிய ‘ரவுஸ் சிம்மன்ஸ்’ அதற்கு நல்ல உதாரணம். 1868இல் கட்டியது, மஸ்கீகன் ஊர் மர முதலாளி ஒருவருக்காகப் பல வருஷம் பலகை ஏற்றியது, கடைசியில் கிறிஸ்துமஸ் மரங்களோடு சிகாகோவுக்குப் போகும்போது எல்லோரோடும் போய்விட்டது. 1971இல் ஒரு முங்கு வீரர் அதைக் கண்டுபிடித்தார். கிடங்கில் அந்த மரங்கள் ஊசியிலையோடு இருந்தன. மஸ்கீகன், மானிஸ்டீ, மில்வாக்கி எல்லாம் நார்வேக்காரர்கள் நிறைய இருந்த மரத் துறைமுகங்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

தரங்கம்பாடிக்கும் நார்வேக்கும் தொடர்பு உண்டா? (மயிலாடுதுறை வாசகர்)

உண்டு. 1814 வரை டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ். அதனால் தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ்காரர்களோடு நார்வேக்காரர்களும் இருந்தார்கள். 1788இல் அங்கே ஆளுநராக வந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். அவர் தமிழ்நாட்டுக் கோயில்களையும் ஊர்களையும் வரைந்த படங்கள் ஓஸ்லோவில் இருக்கின்றன. அவருடைய ஆங்கர் குடும்பம் அறுப்பு மில்களிலும் மர ஏற்றுமதியிலும் பணம் சேர்த்த குடும்பம். அவர் உறவினர் பெர்ன்ட் ஆங்கர் அந்தக் காலத்தில் நார்வேயின் மிகப் பெரிய மர வியாபாரிகளில் ஒருவர். தரங்கம்பாடி போனால் கோட்டை அருங்காட்சியகத்தில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள்.

நான் வரலாறு படிக்கிறேன், கடலடித் தொல்லியலுக்கு வர ஆசை. எங்கே தொடங்குவது? (நாகப்பட்டினம், கல்லூரி மாணவி)

கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது. பூம்புகார்க் கடலில் முங்கித் தேடியவர்கள் அவர்கள்தான். அங்கே கிடைத்த ஒரு கப்பல் சிதைவில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகள் இருந்தன, ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற இங்கிலாந்து முத்திரையோடு. இந்தியத் தொல்லியல் துறையிலும் 2001 முதல் கடலடிப் பிரிவு ஒன்று உண்டு. முதுகலையில் தொல்லியல் எடுத்துக்கொள், கூடவே முங்கும் பயிற்சிச் சான்றிதழ் வாங்கு. அதற்கு முன் நீச்சல், இன்றே.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ மரப்படகு கட்டும் இடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போ. படகு கட்டும் தச்சரான ஓடாவி ஐயாவிடம் அனுமதி கேட்டு, ஏரா வைத்து வங்கு ஏற்றும் நாளில் பக்கத்தில் நின்று அளந்து வரை. எந்தச் சட்டம் எதன் மேல் உட்கார்கிறது, ஆணி எந்தப் பக்கமிருந்து போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேள். முழுசாக இருக்கும் படகைத் தெரிந்தவளுக்குத்தான் உடைந்து கிடப்பதில் எது எங்கே போகும் என்று புரியும். வரைந்ததை எனக்கு அனுப்பு அம்மா, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.